பல் வளரவில்லை... ஈறு இறங்குகிறது!

'ஏங்க, என் பல்லு வளர்ந்துக்கிட்டே போகுதா என்ன?' என்று கண்ணாடி முன் நின்று வீட்டம்மா கேட்டால், 'உனக்கு வேற வேலையில்லை' என்று பேப்பருக்குள் முகத்தை மறைத்துக் கொள்ளாதீர்கள். நாற்பது வயதில் யாருக்கும் பல் வளராது. ஈறுதான் இறங்கி, வேரை வெளியே காட்டிக் கொண்டிருக்கிறது! பல்லின் மேல்பகுதிக்கு எனாமல் என்கிற கவசம் உண்டு. வேருக்கு அது கிடையாது. அதனால்தான் ஐஸ் வாட்டர் பட்டதும் 'சுரீர்' என்கிறது.

முதலில் ஒரு கசப்பான உண்மை. இறங்கிய ஈறு தானாகத் திரும்ப வளராது. எந்தப் பேஸ்ட்டும், எந்த மூலிகைப் பல்பொடியும் அதை வளர்த்துத் தராது. ஆபரேஷன் செய்து மூடலாம். ஆனால், எல்லோருக்கும் முழுசாக மூடுமா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கண்ணாடியில் மறுபடி பாருங்கள். இரண்டு பற்களுக்கு நடுவே ஈறு முக்கோணமாக நிரம்பியிருக்கிறதா? இருந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். பாத்திரம் துலக்குவது போல 'வரட் வரட்'டென்று பிரஷ் போட்டதால், முன்பக்க ஈறு மட்டும் தேய்ந்திருக்கலாம். அந்த முக்கோணம் கரைந்து, இடுக்கில் சந்து தெரிந்தால் சங்கதி வேறு. காரை படிந்து, ஈறு நோய் வந்து, உள்ளே எலும்பே குறைந்திருக்கக் கூடும். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

இடுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? வேரின் மேற்பரப்பில் ரத்த ஓட்டம் கிடையாது. அதன்மேல் சதையை ஒட்டினால் அது எதைக் குடித்து உயிர் வாழும்? சுற்றியுள்ள ஈறும் எலும்பும்தான் அதற்குத் தாய்ப்பால்! மில்லர் என்ற டாக்டர் 1985-ல் ஈறு இறக்கத்தை நான்கு வகையாகப் பிரித்ததும் பெரும்பாலும் இந்த இடுக்கை வைத்துத்தான். இடுக்கு நன்றாக இருந்தால் வேர் முழுவதும் மூட நல்ல வாய்ப்பு. கொஞ்சம் கரைந்திருந்தால் ஓரளவுதான். ரொம்பவே கரைந்திருந்தால், மூடும் ஆபரேஷனால் பலன் எதிர்பார்க்க முடியாது. 'பழையபடி ஆயிடுமா டாக்டர்?' என்று கேட்பதைவிட 'என் இடுக்கு எலும்பு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள்.

சரி, என்னதான் செய்கிறார்கள்? அதிகம் நம்பப்படுவது அண்ணத்திலிருந்து எடுக்கும் ஒட்டு. அண்ணத்தின் மேல்தோலுக்கு அடியிலிருந்து மெல்லிய சதைப் பட்டையை எடுத்து, வேரின்மேல் வைத்து, அங்குள்ள ஈறையே இழுத்துப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். ஈறு போதிய தடிமனாக இருந்தால் ஒட்டே இல்லாமல், அதை மட்டும் இழுத்து மூடுவதும் உண்டு. ஒரே ஒரு பல் என்றால் பக்கத்து ஈறை நகர்த்தி மூடலாம். 1956-லிருந்தே இருக்கும் முறை இது. அண்ணத்தில் கை வைக்க பயமா? பதப்படுத்திய சவ்வுகள் கடையிலேயே கிடைக்கின்றன. ஆனால், செலவு ஏறும். மரத்துப்போகிற ஊசி போட்டுத்தான் செய்வார்கள். நிஜமாகப் படுத்துவது ஈறு அல்ல, அண்ணத்துப் புண்! இரண்டு, மூன்று வாரம் காரசாரமான குழம்பை மறந்துவிட்டு, ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம் என்று ஓட்டுங்கள். தையல் போட்ட இடத்தில் டாக்டர் சொல்லும்வரை பிரஷ் படக்கூடாது. அவர் தரும் மவுத்வாஷ்தான் கதி. உதட்டைத் தூக்கி 'பாரேன்' என்று சொந்தக்காரர்களுக்குக் காட்டவே காட்டாதீர்கள். தையல் பிய்ந்துவிடும்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'ஃப்ளாப் சர்ஜரி' என்பது வேறு. ஈறைத் திறந்து, ஆழத்தில் உள்ள காரையைச் சுத்தம் செய்து தைப்பது அது. பல்லைக் காப்பாற்ற அது தேவை. ஆனால், வீக்கம் வடிந்த பின் ஈறு முன்பைவிட இறங்கித் தெரியலாம். 'காசும் கொடுத்து இப்படியா!' என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்து கொள்ளுங்கள்.

சிகரெட், புகையிலை போடுகிறவர்களுக்கு ஒட்டு சரியாகப் பிடிக்காது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முதலில் அதைக் கவனியுங்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முரட்டு பிரஷ்ஷை மாற்றாமல் ஆபரேஷன் செய்து கொள்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதைதான்.

ஈறு நோய்க்கென்றே தனியாகப் படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. தனியார் கிளினிக்கைவிட செலவு குறைவாக இருக்கும். எழுபது வயது மாமியாருக்குக் கூச்சமில்லை, ஆட்டமில்லை, ஈறும் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்றால் ஆபரேஷனே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்ளீனிங், மிருதுவான பிரஷ், தேவைப்பட்டால் கூச்சத்துக்கான பேஸ்ட்... அவருக்கு அது போதும்.