இழைக்குக் குறுக்கே

மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஹோட்டலில் ருசித்த சிக்கன் ஃபஹீட்டாவை வீட்டில் செய்தால் கறி தண்ணீர் விட்டுக்கொண்டு, வெளுத்து, நார் நாராக வருகிறதே, என்ன மசாலா விட்டுப்போயிற்று?

மசாலாவில் குறை இருக்காது. சீரகம், மிளகாய்த்தூள், பூண்டு, எலுமிச்சை, உப்பு எல்லாம் நம் அஞ்சறைப்பெட்டிக்குப் பழக்கமானவைதான். கறியை எப்போது வெட்டினார், கத்தி எந்தத் திசையில் போயிற்று என்றுதான் அவரை நான் கேட்பேன்.

ஃபஹீட்டா தெற்கு டெக்சஸில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய மாட்டுப் பண்ணைகளில் பிறந்த உணவு. 1930களில் அங்கே மாடு மேய்த்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகத் தோல், தலை, குடல் இவற்றோடு ஒரு கறிப்பட்டையும் கிடைத்தது. அது மாட்டின் உதரவிதானம். உயிரோடு இருந்த நாளெல்லாம் ஒவ்வொரு மூச்சுக்கும் உழைத்த தசை. அதனால் ருசி அதிகம், முரடும் அதிகம். எலுமிச்சையில் ஊறவைத்து, மெஸ்கீட் விறகுத் தணலில் முழுப்பட்டையாகவே சுட்டு, பிறகுதான் அரிந்தார்கள். (மெஸ்கீட் என்பது ராமநாதபுரம் பக்கம் மண்டிக் கிடக்கும் நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு.)

என்னை மிகவும் கவர்வது அந்த அரிதல்தான். தசை என்பது நீண்ட இழைகளின் கட்டு. சின்ன வயதில் பாட்டி பூக்கட்டுவதற்கு வாழைப்பட்டையிலிருந்து நார் கிழித்துக் கொடுப்பேன். நீளவாக்கில் இழுத்தால் லேசில் அறாத அந்த நாரை அரிவாள்மனையில் குறுக்கே பொடியாக அரிந்தால் பிடிப்பே இல்லாமல் உதிர்ந்துவிடும். கறியும் அப்படித்தான். இழை போகும் போக்கிலேயே வெட்டினால் ஒவ்வொரு இழையையும் பல்தான் அறுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் பல்லின் வேலையில் பாதியைக் கத்தி முடித்துவிடுகிறது. உதரவிதானப் பட்டையில் இழைகள் ஓடுவது அகலவாக்கில். ஆகவே பட்டையை முதலில் சிறு துண்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து மெல்லிசாகச் சீவ வேண்டும். மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய கறியை உண்ணத் தகுந்ததாக்கிய அறிவு இது.

1969 செப்டம்பரில் சன்னி ஃபால்கோன் என்ற கறிக்கடைக்காரர் டெக்சஸின் கைல் ஊரில், ஒரு விழாவில் கடை போட்டு ஃபஹீட்டாவை விற்றார். 1973-இல் ஹூஸ்டனில் நின்ஃபா லாரென்சோ தொடங்கிய உணவகம் இதை நகரத்துக்குக் கொண்டுபோயிற்று. 1982-இல் ஆஸ்டினின் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் காய்ந்த இரும்புத் தட்டில் சத்தத்தோடும் புகையோடும் பரிமாறியது. கோழிக்கறி இந்த வரிசையில் பிறகு வந்து சேர்ந்தது. புகழ் ஏற ஏற, கூலியாகக் கொடுக்கப்பட்ட அந்தப் பட்டையின் விலையும் ஏறியது. உலகம் முழுக்க அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். கத்தியைப் பிடித்த கைகளை மறந்துவிட்டார்கள். எனக்கு இது வருத்தம். பொட்டலத்து மசாலாவின் மேல் ‘ஃபஹீட்டா’ என்று அச்சடித்து விற்பதாலேயே இதை வெறும் மசாலா என்று நினைத்துவிடுகிறோம்.

இனி வாசகியின் அடுப்புக்கு வருவோம். எலும்பில்லாத நெஞ்சுக்கறியைத் துண்டு போடாதீர்கள். தடித்த இடத்தைத் தட்டி ஒரே கனமாக்குங்கள். எலுமிச்சையில் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். இரவெல்லாம் ஊறினால் புளிப்பு மேற்பரப்பைக் குழைத்துவிடும். அடுப்பில் போடுமுன் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். கறி சிவந்து மணக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மேலே தண்ணீர் நிற்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. வாசகி சிறு துண்டுகளாக்கிக் குவித்துப் போட்டிருப்பார். நேர்ந்தது அதுதான்: கறி தன் நீரிலேயே வெந்துவிட்டது.

கனமான இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி, முழுத்துண்டைப் போட்டுவிட்டுக் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் ஒரு முறை திருப்புங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்டியதும் இறக்கிவிடலாம். அதற்கு மேல் போனால் கொழுப்பில்லாத இந்தக் கறி வறண்டுவிடும். ஐந்து நிமிடம் ஆறட்டும்.

அந்த நேரத்தில் அதே கல்லில் வெங்காயத்தையும் குடைமிளகாயையும் போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் சிவப்பைச் சுரண்டியபடி வதக்குங்கள். ஓரம் கருகத் தொடங்கினால் போதும், குழைய வேண்டாம். கோழி நெஞ்சில் இழைகள் ஏறக்குறைய நீளவாக்கில், சற்றே சாய்ந்து ஓடும். உற்றுப் பார்த்தால் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே விரல் கனத்தில் அரிந்து, சூடான கோதுமை டார்ட்டியாவில் வெங்காயத்தோடு வைத்துச் சுருட்டுங்கள். டார்ட்டியா கிடைக்காத ஊரில் மெல்லிய சப்பாத்தியே தாராளம்.