ஆய்வுக் கட்டுரைக்கு யார் பணம் கட்டுவது?

பல்கலைக்கழகங்களில் நடக்கும் அறிவியல் ஆய்வுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு மக்களின் வரிப்பணம். கட்டுரை எழுதும் ஆய்வாளருக்கு இதழ் எதுவும் தருவதில்லை. அதைப் படித்துக் குறைநிறை சொல்லும் சக ஆய்வாளர்களுக்கும் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. இப்படிக் கைக்கு வந்த கட்டுரைகளைத்தான் பதிப்பகங்கள் பல்கலைக்கழக நூலகங்களுக்குச் சந்தாவுக்கு விற்றுவந்தன.

ஓர் இதழ் விலை அதிகம் என்று வேறொன்றை வாங்க முடியாது; ஒரு கட்டுரையில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. விலை ஏற ஏற நூலகங்கள் கட்டிக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம். இந்த வணிகத்தின் மதிப்பும் ஏறியது: பதிப்பாளர் ராபர்ட் மேக்ஸ்வெல் வளர்த்த பெர்கமான் பதிப்பகத்தை 1991-இல் எல்சேவியர் என்ற பதிப்பக நிறுவனம் 44 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதே ஆண்டு பால் கின்ஸ்பார்க் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 'ஆர்க்கைவ்' என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார். இதழில் வரும் முன்பே கட்டுரையை அங்கே யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

பிறகு, படிப்பவருக்கு இலவசம், வெளியிடுபவருக்குக் கட்டணம் என்ற முறை பரவியது. 'நேச்சர்' அறிவியல் இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் கட்டுரைக்கு 9,500 யூரோ. ஏழை நாட்டு ஆய்வாளர் இதற்கு எங்கே போவார்? இன்னொரு கேடும் உண்டு: கட்டுரை பெருகினால் பதிப்பகத்தின் வருமானமும் பெருகும். வைலி பதிப்பக நிறுவனம் 2021-இல் வாங்கிய ஹிந்தாவி இதழ்களில் போலிக் கட்டுரைகள் குவிந்து, 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன.

அதே 2023-இல் மூளை ஆய்வு இதழான 'நியூரோஇமேஜ்' ஆசிரியர்கள் 3,450 டாலர் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார்கள். எல்சேவியர் மறுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கூட்டாக விலகி, எம்.ஐ.டி. பிரஸ் மூலம் 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். இதழின் பெயர் பதிப்பகத்திடம் இருந்தது. அதன் தரத்தைக் காத்தவர்கள் வெளியேறிவிட்டார்கள்.

இந்தியா 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கும் பெரிய ஆய்வுக்கூடம் படிக்கும் இதழ்கள் கிடைப்பது உண்மையான நன்மை. ஆனால் திட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. சந்தாக் காலம் முடிந்தால் மறுபடியும் பேரம் பேச வேண்டும்.

பிரேசிலில் 1990-களின் இறுதியில் தொடங்கிய 'சைலோ' என்ற இணைய இதழ்த் தளம் வேறு வழி காட்டுகிறது. பொதுநிதியில் இயங்கும் அந்தத் தளத்தில் படிக்கக் கட்டணமில்லை. அதிலுள்ள பல இதழ்களில் எழுதவும் கட்டணமில்லை. நாமும் சந்தாப் பணத்தில் ஒரு பங்கை நம் கல்விக்கழகங்கள் நடத்தும் இதழ்களுக்குத் தரலாம். ஆனால் பணம் மட்டும் போதாது. வேலையும் பதவி உயர்வும் இதழின் பெயரைப் பார்த்தே தரப்படும்வரை, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் சொல்வதுதான் விலை. தேர்வுக்குழுக்கள் கட்டுரையைப் படித்து ஆய்வாளரை மதிப்பிடத் தொடங்கினால் பதிப்பகங்களின் பிடி தளரும்.