பேக்பேஜ்

பேக்பேஜ் என்பது அமெரிக்காவில் 2004 முதல் 2018 வரை இயங்கிய வரி விளம்பர இணையதளம் ஆகும். வாடகை வீடு, வேலைவாய்ப்பு போன்ற விளம்பரங்களுடன், வயது வந்தோருக்கான தனிப் பிரிவும் இதில் இருந்தது. கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் தளம் 2010 இல் அமெரிக்காவில் இத்தகைய பிரிவை மூடியபின், அவ்விளம்பரங்கள் பேக்பேஜில் பெருகின. கடத்தப்பட்ட சிறுமியரும் இதன் வழியே விற்கப்பட்டனர்.

சட்டச் சிக்கல்

பயனர் வெளியிடும் செய்திக்கு இணையதளம் பொறுப்பாகாது என்பது 1996 ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு ஒழுங்குச் சட்டத்தின் 230 ஆம் பிரிவு. இதனால் பாதிக்கப்பட்ட சிறுமியர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 இல் ஏற்கவில்லை. 2017 சனவரியில் வெளியான செனட் விசாரணை அறிக்கை, சிறுமி என்பதைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை மட்டும் நீக்கிவிட்டு அதே விளம்பரங்களை இத்தளம் வெளியிட்டதை அம்பலப்படுத்தியது.

முடக்கம்

2018 ஏப்ரல் 6 அன்று அமெரிக்க அரசு தளத்தைக் கைப்பற்றியது. ஏப்ரல் 11 அன்று, 230 ஆம் பிரிவின் பாதுகாப்பைக் குறைக்கும் ஃபோஸ்டா சட்டம் கையொப்பமானது.

விளைவுகள்

விளம்பரங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு இடம்பெயர்ந்ததால் சான்று திரட்டுவது கடினமானதாக, அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2021 இல் தெரிவித்தது. முன்பு காணாமற்போன சிறுவர்களைத் தேடுவோருக்கும் பேக்பேஜ் விளம்பரங்களே தடயமாக இருந்தன. தளத்தை மூடுவதால் மட்டும் கடத்தல் நிற்பதில்லை. கடத்தப்பட்டவர்களைத் தேடி மீட்கும் பணியும் தொடர வேண்டியுள்ளது.