மேய்ச்சல் நிலத்துக்கும் ஓய்வு வேண்டும்: ‘ஹிமா’ கற்றுத்தரும் பாடம்

ஜோர்தான் நாட்டின் பெரும்பகுதி ‘பாதியா’ எனப்படும் வறண்ட மேய்ச்சல் நிலம். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட அங்கே பெய்வதில்லை. அதை நம்பித்தான் நாட்டுப்புற அரபிகள் தலைமுறை தலைமுறையாக ஆடு, ஒட்டகம் வளர்த்து வருகிறார்கள். இப்போது அங்கு வறட்சி அடிக்கடி வருகிறது. புல் இல்லாத நாட்களில் விலைக்கு வாங்கிப் போடும் பார்லியும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கி உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது, அந்தச் சுமை சிறு மந்தைக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை.

இதற்குத் தீர்வு தேடியவர்கள் இஸ்லாமிய வரலாற்றில் ஏற்கெனவே இருந்த ஒரு வழிமுறையை மீண்டும் கையில் எடுத்தார்கள். அதுதான் ‘ஹிமா’. ‘பாதுகாக்கப்பட்ட நிலம்’ என்பது அதன் பொருள்.

மண்ணில் நடப்பது என்ன?

புல்லின் இலையைக் கால்நடை கடித்தால் மீண்டும் துளிர்க்கும். துளிர்க்கும் முன்பே திரும்பத் திரும்பக் கடித்தால் வேர் சுருங்கிவிடும். புல் மறைந்து மண் வெறுமையாகும். குளம்புகள் மிதித்து இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். பிறகு நல்ல மழை பெய்தாலும் பயன் குறைவு. பூத்து விதை உதிர்க்கும் காலத்திலாவது நிலத்தை விட்டுவைத்தால்தான் அடுத்த ஆண்டுக்குப் புல் இருக்கும்.

பொதுநலனுக்கான வேலி

அறியாமைக் காலத்தில் வலிமை படைத்த தலைவர்கள், நாய் குரைக்கும் ஓசை எட்டும் தூரம் வரையுள்ள நிலத்தைத் தமக்கென வளைத்துக்கொள்வார்கள். நபி (ஸல்) அவர்கள் இந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். மதீனாவுக்கு அருகிலுள்ள ‘நகீஉ’ நிலத்தை முஸ்லிம்களின் பொதுத் தேவைக்கான குதிரைகளுக்காகப் பாதுகாத்தார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் ஹிமாவுக்குப் பொறுப்பாளராக ஹுனை என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவர்களை உள்ளே விடும்படியும், செல்வந்தர்களான இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்ஃபான் (ரலி) ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் கூறினார்கள். அவர்களின் கால்நடைகள் அழிந்தாலும் தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடைகள் அழிந்தால், அவர் பிள்ளைகளுடன் கலீஃபாவின் வாசலுக்கு வந்து நிற்பார். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது தண்ணீரும் புல்லும் கொடுப்பது எளிது என்பதே உமர் (ரலி) அவர்களின் கணக்கு.

கட்டுப்பாடு போனபோது

அரபு தீபகற்பத்தில் குலங்களும் கிராமங்களும் நீண்ட காலம் ஹிமாக்களைப் பராமரித்தன. சிலவற்றில் பருவம் பார்த்து மேய்ச்சல், சிலவற்றில் வறட்சியில் புல் அறுக்க மட்டும் அனுமதி, சிலவற்றில் மந்தையின் எண்ணிக்கைக்கு வரம்பு. தேனீ வளர்ப்புக்கென்றே விடப்பட்டவையும் இருந்தன. 1953இல் சவூதி அரசாணை குலங்களின் ஹிமாக்களை அனைவருக்கும் திறந்துவிட்டது. காவல் போனதும் பல இடங்களில் புல்லும் போனது.

ஜோர்தானில் வேறொரு காரணமும் சேர்ந்தது. மானிய விலைத் தீவனமும் லாரித் தண்ணீரும் கிடைத்ததால் மந்தைகள் பெருகின. முன்பு புல் தீர்ந்தால் இடம்பெயர்ந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். நிலத்துக்கு ஓய்வே இல்லாமல் போனது. 1990களின் பிற்பகுதியில் மானியம் விலக்கப்பட்டபோது தீவனமும் எட்டவில்லை, புல்லும் மிஞ்சவில்லை.

பனீ ஹாஷிமில் மீட்சி

2010ஆம் ஆண்டையொட்டி, ஸர்கா ஆற்றுப் படுகையிலுள்ள பனீ ஹாஷிம் பகுதியில், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் துணையுடன் ஹிமா மீட்கப்பட்டது. நிலத்தை நிர்வகிக்கும் பொறுப்பு உள்ளூர் மக்களிடம் வந்தது. மேய்ச்சலை நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். ‘ஷீஹ்’ போன்ற செடிகள் மீண்டும் முளைத்தன.

ஆனால் ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு. நிலம் மூடியிருக்கும் மாதங்களில் மந்தைக்குத் தீவனம் வேண்டும். செல்வந்தர் வாங்கிச் சமாளிப்பார். பத்து ஆடு வைத்திருப்பவர் ஆட்டை விற்பார், அல்லது இரவில் வேலி தாண்டுவார். ஆகவே ஓய்வுக் காலத்தில் ஏழைக்கு உதவியும், திறக்கும்போது முதலிடமும் உறுதியானால்தான் ஹிமா நிலைக்கும். மண்ணைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள் அல்ல என்பதையே உமர் (ரலி) அவர்களின் அறிவுரை நமக்கு உணர்த்துகிறது.