காதுக்குப் பின்னால் வீக்கமா? விடியட்டும் என்று இருக்காதீர்கள்

குழந்தைக்குக் காதுப்பக்கம் வீங்கினால் நம் வீடுகளில் முதலில் சொல்வது "பொன்னுக்கு வீங்கி". நாமக்கட்டியைக் குழைத்துப் பற்றுப் போட்டு, தங்கச் சங்கிலியையும் மாட்டி விடுவோம். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதுக்கு முன்னும் கீழும், தாடையை ஒட்டி இருக்கும். காதுக்கு நேர் பின்னால் வீங்கிச் சிவந்து, தொட்டாலே குழந்தை அலறி, காது மடல் முன்னே தள்ளி நின்றால் அது வேறு நோய்.

காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படும் மேடான எலும்புக்கு மாஸ்டாய்டு என்று பெயர். உள்ளே தேன்கூடு போலக் காற்றறைகள் உண்டு. சளி பிடித்து நடுக்காதில் கட்டும் சீழ், சில குழந்தைகளுக்கு இந்த அறைகளில் புகுந்து எலும்பை அரிக்கிறது. அதற்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே இருக்கிறது. வடிந்துகொண்டிருந்த சீழ் திடீரென நின்று காய்ச்சலும் வலியும் கூடினால், குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாந்தி, கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, அரைத்தூக்கம், வாய் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள்.

செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் யாருக்கும் தயக்கம் வரும். ஆனாலும் முதலில் செம்மேடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நோய் என்று தெரிந்தால், முதல் தவணை ஆன்டிபயாடிக்கைக் கொடுத்த பிறகே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 108 வண்டிக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே நாமக்கல்லிலோ சேலத்திலோ காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையைக் கருவி வைத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், சீழைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். குழந்தையை உள்நோயாளியாகச் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். பலருக்கு அதோடு, செவிப்பறையில் சிறு துளையிட்டுச் சீழை வடிப்பதே போதும். ஓரிரு நாளில் குறையாவிட்டால், அல்லது சீழ் கட்டியிருந்தால், அறுவை சிகிச்சையில் அந்த அறைகளைச் சுத்தம் செய்வார்கள். குணமான பின் கேட்கும் திறனைச் சோதிக்கக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். வலி போனதும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

காதில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊற்றாதீர்கள். சீழ் வடிந்தால் சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக்கி ஒற்றி எடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் நாற்றத்தோடு வடிந்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமான நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி, தமிழக அரசுத் திட்டத்தில் 2021 முதல் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம்.