கரை வேட்டியிலிருந்து கைக்கயிறு வரை

2025 ஜனவரி 5. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில், சிந்துவெளி நாகரிகக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக் கருத்தரங்கு. முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைக்கும் விழா. கறுப்புத் துப்பட்டா அணிந்து வந்த மாணவிகளை வாசலில் நிறுத்தி, அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள் போலீஸார். விஷயம் வெளியே வந்து சர்ச்சையானதும், அதீத எச்சரிக்கையால் நடந்துவிட்டது, இனி நடக்காது என்று காவல் துறை விளக்கம் கொடுத்தது.

அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2023 ஜூனில், சேலம் பெரியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் ஆர்.என்.ரவி வரவிருந்தார். கறுப்பு உடையில் வராதீர்கள் என்று சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் கறுப்புக்குத் தடை. கறுப்புச் சட்டை இயக்கத்திலிருந்து கிளைத்த கட்சியின் ஆட்சியில் கறுப்புத் துப்பட்டாவுக்குத் தடை! வருவது ஆளுநரோ முதல்வரோ, பாதுகாப்புக்கு நிற்பவருக்குக் கறுப்பு என்றால் ஒரே பொருள்தான்: கறுப்புக்கொடி காட்ட வந்திருக்கிறார்கள்.

அந்த மாணவிகளோ சுடிதாருக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று எடுத்துப் போட்டிருப்பார்கள். நிறத்தின் அரசியலில் உடுத்துபவரின் எண்ணத்துக்குப் பாதி மதிப்புதான். மீதியைப் பார்ப்பவர் தீர்மானிக்கிறார், அதிலும் லத்தியோடு நின்று பார்ப்பவர்.

கறுப்புக்கு இந்தப் பொருள் சும்மா வந்துவிடவில்லை. 1944-ல் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் உருவானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தொண்டர்களுக்குக் கறுப்புச் சட்டையைக் கொண்டுவந்தார் பெரியார். சாதியால் நம்மேல் சுமத்தப்பட்ட இழிவின் அடையாளம் இது என்பது அவர் சொன்ன காரணம். நல்ல நாளில் வீட்டுப் பெரியவர்கள் உடுத்தவிடாத நிறம், துக்கத்துக்கென ஒதுக்கிய நிறம். அதைப் பார்த்து எடுத்ததில்தான் வலு இருந்தது. 1946-ல் மதுரையில் நடந்த கருஞ்சட்டை மாநாட்டின் பந்தல் எரிக்கப்பட்டது. 1948-ல் சென்னை மாகாண அரசு கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. ஒரு சட்டைக்கு அரசாங்கமே தடை போட்டபிறகு அந்த நிறத்துக்கு வேறு விளம்பரம் எதற்கு? கட்சி தன் நிறத்துக்குச் சொல்லும் தத்துவத்தைவிட, எதிராளி அதைக் கண்டு படும் கோபம்தான் மக்கள் மனதில் அதைப் பதிய வைக்கிறது என்று நினைக்கிறேன்.

1949-ல் பிரிந்து வந்த தி.மு.க., கொடியின் மேல்பாதியில் கறுப்பையும் கீழ்ப்பாதியில் சிவப்பையும் வைத்தது. 1972-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க. அதே இரண்டு நிறத்தையும் எடுத்துக்கொண்டு, நடுவில் வெள்ளையில் அண்ணாவை நிறுத்தியது. காலப்போக்கில் சட்டை வெள்ளையாகிவிட, கறுப்பு வேட்டிக் கரைக்கு இறங்கியது.

கரை வேட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் ஒட்டி ஓடினால் ஒரு கட்சி. இடையில் வெள்ளை வந்தால் அதன் நேர் எதிர்க்கட்சி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடத் தெரு முனையில் வரும்போதே சொல்லிவிடுவார். தாலுகா ஆபீஸில் மனுவோடு வரிசையில் நிற்பவர்கள், கரை வேட்டி நேராக உள்ளே போவதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருப்பார்கள். ஆட்சி மாறினால் எந்தக் கரை முந்திப் போகும் என்பது மட்டும் மாறும். வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியின் 100 மீட்டருக்குள் தேர்தல் தொடர்பான அடையாளம் எதையும் காட்டக்கூடாது என்கிறது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130-வது பிரிவு. அபராதம் 250 ரூபாய் வரை. கரை என்பது அடையாளமா, வெறும் உடையா? பூத் ஏஜென்ட்களுக்கு மல்லுக்கட்ட இது போதும்.

இப்படிப் பழகிய கண் சும்மா இருக்காது. 2021 ஏப்ரல் 6 அன்று நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் வந்து ஓட்டுப் போட்டார். சைக்கிளில் கறுப்பும் சிவப்பும் இருந்ததைக் கண்டு, ஓட்டு யாருக்கு என்று சொல்லிவிட்டார் என ஊரே முடிவு கட்டியது. மூன்று ஆண்டு கழித்து அவர் தன் சொந்தக் கட்சிக்கு ஏற்றியது சிவப்பு, மஞ்சள், சிவப்புக் கொடி.

இத்தனைக்கும் கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டிக்காரர்கள் தெருவெல்லாம் தெரிவார்கள். யாரும் அவர்களைத் திராவிடர் கழகம் என்று எண்ணுவதில்லை. கழுத்தில் மாலை, நெற்றியில் விபூதி, வாயில் சரணம். சிவப்புச் சேலையில் பெண்கள் கூட்டமாக பஸ் ஏறினால், மேல்மருவத்தூர் என்று கண்டக்டருக்குத் தெரியும். செங்கொடி ஊர்வலம் என்று குழம்பமாட்டார். நிறம் தனியாகப் பேசாது. கூட என்ன இருக்கிறது, எந்த மாதம், எந்த வாசல் என்று சேர்த்துத்தான் படிக்கிறோம். எழும்பூரில் அப்படிச் சேர்த்துப் படிக்க யாரும் மெனக்கெடவில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி, வளர்ந்தவர்கள் விரும்பி உடுத்தியது. தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் கட்டும் கைக்கயிறு அந்த ரகமல்ல. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனச் சாதிக்கொரு நிறம். அதைப் பார்த்து விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், மதிய இடைவேளையில் கூடி நிற்கிறார்கள். இதைத் தடுக்கச் சொல்லி 2019-ல் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். அது தன் கவனத்துக்கு வராமலே போனது, பழைய நிலையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். 2022-ல் அம்பாசமுத்திரம் அருகே ஒரு பள்ளியில் கயிறு தொடர்பான தகராறில் தாக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இறந்துபோனார். நாங்குநேரியில் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது.

அறிக்கை நடைமுறைக்கு வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் மணிக்கட்டில் கயிறு இருந்தால், கோயிலில் கட்டியதா, யார் கட்டிவிட்டது, வகுப்பில் இதே நிறம் யார் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலில் சாதி எட்டிப் பார்த்தால் கத்தரிக்கோலை எடுங்கள்.