டிசம்பர் 3: இந்தியத் திரைப்பாடல்களுக்குத் தரவரிசை தந்த வானொலி நிகழ்ச்சி பிறந்த நாள்

கொல்கத்தா, டிச. 3: இந்தித் திரைப்பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்திய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சி, 1952 டிசம்பர் 3, புதன்கிழமை இலங்கை வானொலியில் முதன்முதலாக ஒலித்தது. பிரிட்டனின் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' இதழ் அந்நாட்டின் முதல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை வெளியிட்டு அப்போது 19 நாள்களே ஆகியிருந்தன.

அதே 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் செவ்வியல் இசைக்கு முதலிடம் அளித்து, திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். இதனால் நேயர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினர். அமீன் சயானி மும்பையில் பதிவு செய்த நிகழ்ச்சி, கொழும்புக்கு அனுப்பப்பட்டு அங்கிருந்து ஒலிபரப்பானது. தொடக்கத்தில் ஏழு பாடல்களை நேயர்களே வரிசைப்படுத்தும் போட்டியாக இருந்த இது, 1954இல் தரவரிசை நிகழ்ச்சியாக மாறியது.

எப்படிக் கணக்கிட்டார்கள்?

முதலில் இசைத்தட்டு விற்பனையே அளவுகோலாக இருந்தது. ஆனால், மிகுந்த வரவேற்புப் பெற்ற பாடலின் தட்டுகள் கடைகளில் தீர்ந்துவிட்டால், விற்பனைக் கணக்கில் அப்பாடல் பின்தங்கிவிடும். கடைக்காரர்கள் கணக்கைத் திரித்துக் கூறவும் வாய்ப்பிருந்தது. எனவே, நேயர் மன்றங்களின் விருப்பமும் சேர்த்துக் கொள்ளப்பட்டது. விற்பனையும் விருப்பமும் ஒன்றல்ல என்ற இந்தச் சிக்கல், இணையவழிப் பட்டியல்களிலும் இன்றுவரை தொடர்கிறது.

கொல்கத்தாவின் பங்கு

நாட்டின் முதல் இசைத்தட்டு ஆலை, 1908இல் இந்நகரின் சியால்டாவில் தொடங்கப்பட்டது. பின்னர் கிராமபோன் நிறுவனத்தின் உற்பத்தி டம்டம்முக்கு மாறியது. பட்டியலில் இடம்பெற்ற பாடல்களின் தட்டுகள் பலவும் இங்கு உருவானவையே.

1954ஆம் ஆண்டின் முதலிடத்தைப் பெற்ற 'டாக்ஸி டிரைவர்' படப் பாடலுக்கு இசையமைத்தவர், கொல்கத்தாவில் இசைவாழ்வைத் தொடங்கிய எஸ்.டி. பர்மன். அதைப் பாடிய தலத் மஹ்மூத், முன்னர் இந்நகரில் 'தபன் குமார்' என்ற பெயரில் வங்காளப் பாடல்களைப் பாடியவர். 1958இல் முதலிடம் பெற்ற 'சோல்வா சால்' படப் பாடலும் பர்மனின் இசையே. பாடியவர் ஹேமந்த் குமார்.

திரைப்பாடல்களுக்கு இருந்த வரவேற்பை அரசும் உணர்ந்தது. 1957 அக்டோபர் 3 அன்று 'விவித பாரதி' சேவை தொடங்கப்பட்டது. 1989இல் கீத்மாலாவும் அச்சேவைக்கு இடம்பெயர்ந்தது. நிகழ்ச்சியின் குரலாக விளங்கிய சயானி, 2024 பிப்ரவரி 20 அன்று காலமானார்.